தவக்காலப் பிடியரிசி: எடுப்பதும் கொடுப்பதும்

உயிர்ப்பு ஞாயிறுக்கு (ஈஸ்டருக்கு) முந்தைய நோன்புக் காலமான தவக்காலத்தில், அன்றாடம் சமைக்கும் அரிசியில் ஒரு பிடியை ஒதுக்கி ஏழைகளுக்குக் கொடுப்பதே பிடியரிசி. அந்தக் காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனுக்கு முந்தைய ஞாயிறன்றே தொடங்கிவிடுங்கள். ஒவ்வொரு வீட்டிலும் மூடியுள்ள ஒரு டப்பாவை எடுத்து அடுப்பங்கரையில், அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். சுரூபங்களுக்கு (புனிதர் சிலைகளுக்கு) முன்னால் வைத்த வீடுகளில் பாதி நாள் மறந்துபோவதை, எங்கள் அன்பியத்தின் (ஒரே கோவிலைச் சேர்ந்த அக்கம்பக்கக் குடும்பங்களின் குழு) பொறுப்பாளராக ஒன்பது ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன்.

எந்த அரிசியிலிருந்து எடுக்கிறோம் என்பதுதான் முக்கியம். பானையிலிருந்து தனியாக ஒரு பிடி அள்ளிப் போடாதீர்கள். உலைக்கு அளந்து வைத்த அரிசியிலிருந்து எடுங்கள். அப்போதுதான் அன்றைய சோறு ஒரு பிடி குறையும், வீட்டில் எல்லோரும் அதை உணர்வார்கள். பசித்தவரோடு உணவைப் பகிர்வதே தாம் விரும்பும் நோன்பு என்று விவிலியத்தில் எசாயா நூலின் 58ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொல்வது இதைத்தான் என்று நான் நம்புகிறேன். பொன்னி சாப்பிடும் வீடு பொன்னியைப் போட வேண்டும். தாங்கள் உண்ணாத ரேஷன் அரிசியை டப்பாவில் போடுவது பகிர்வு ஆகாது.

எங்கள் வீட்டுப் பிடி தராசில் 50 கிராம் வந்தது. ஞாயிறுகளையும் சேர்த்து 46 நாள் என்றால் ஒரு வீட்டுக்கு 2 கிலோ 300 கிராம். 22 குடும்பங்கள் கொண்ட எங்கள் அன்பியத்தில் 50 கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகவே சேரும். வண்டு வராமலிருக்க இரண்டு வற்றல் மிளகாய் போட்டு வையுங்கள். பச்சரிசியையும் புழுங்கலரிசியையும் கலக்காதீர்கள். ஒன்று குழையும்போது மற்றது வேகாமல் நிற்கும், வாங்கியவர்தான் சிரமப்படுவார்.

இனி, கொடுப்பது. முதல் ஆண்டு கோவில் முற்றத்தில் மேசை போட்டு, பெயர் வாசித்துக் கொடுத்தோம். மிகவும் தேவைப்பட்ட ஒரு விதவைத் தாய் வரவில்லை. பிறகு காரணம் கேட்டபோது, "வரிசையில் நிற்பதைப் பேரப்பிள்ளைகள் பார்ப்பார்களே" என்றார். அன்றோடு மேசையை விட்டுவிட்டோம். இப்போது விளக்கு வைத்த பிறகு, இருவர் இருவராக வீட்டுக்கே கொண்டுபோகிறோம். 1833இல் பாரிஸில் பிரெடரிக் ஓசானாம் என்ற 20 வயது மாணவர், நண்பர்களோடு சேர்ந்து பின்னாளில் ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையாக வளர்ந்த குழுவைத் தொடங்கியபோதும் வீடு தேடிப் போவதைத்தான் முதல் வேலையாக வைத்துக்கொண்டார். புகைப்படம் வேண்டாம். எந்த மதம் என்று கேட்க வேண்டாம். பையை வாசலில் நீட்டிவிட்டுத் திரும்பாமல், உள்ளே போய் உட்காருங்கள். தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள். காலனி வீடுகளில் குடிக்கத் தயங்குபவர் நம் பங்குகளில் (கோவில் சமூகங்களில்) இன்றும் இருக்கிறார்கள். அவர்களைப் பை சுமக்க அனுப்பாதீர்கள். முதலில் அவர்களோடு பேசுங்கள். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016இல் தலித் மக்களுக்கான கொள்கையையே வெளியிட்டது. அது நம் அன்பியக் கூட்டங்களில் வாசிக்கப்பட வேண்டும்.

உட்கார்ந்து பேசினால்தான் உண்மை தெரியவரும். முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கவே தெரியாத ஒரு பாட்டியை இ-சேவை மையத்துக்கு அழைத்துப்போவது ஒரு பை அரிசியைவிட நீண்ட நாள் உதவும். மூன்றாம் ஆண்டு எனக்குத் தெரியவந்ததை என்னால் மறக்க முடியவில்லை. நாங்கள் அரிசி கொண்டுபோன இரண்டு வீட்டுப் பெண்கள், எங்கள் அன்பியத்து வீடுகளிலேயே பாத்திரம் தேய்ப்பவர்கள். ஒருவருக்கு நான்கு ஆண்டுகளாகச் சம்பளம் உயரவில்லை. மற்றவருக்குக் காய்ச்சலில் படுத்த ஆறு நாள் கூலியைப் பிடித்திருந்தார்கள். அந்தக் கூலியை நாம் வைத்துக்கொண்டு, அதில் ஒரு பிடியைத் தர்மம் என்று கொடுத்திருக்கிறோம்.

ஏழைக்குக் கொடுக்கும்போது உன்னுடையதை நீ கொடுக்கவில்லை, அவனுடையதைத் திருப்பித் தருகிறாய் என்று பழங்கால ஆயரான புனித அம்புரோஸ் எழுதியதை, 1967இல் திருத்தந்தை (போப்) ஆறாம் பவுல் தம் சுற்றுமடலில் எடுத்துக் காட்டினார். அந்த இரு பெண்களின் வீட்டுத் திண்ணையில்தான் அந்த வரி எனக்குப் புரிந்தது. கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிடு என்கிறது விவிலியத்தின் இணைச்சட்ட நூல். பிடித்துவைத்த கூலி ஆண்டவரை நோக்கிக் கூக்குரலிடுகிறது என்கிறார் அதே விவிலியத்தில் யாக்கோபு. உழைப்பவர் வாழப் போதுமான ஊதியம் நீதியின் கடமை என்று 1891இலேயே திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ எழுதிவிட்டார்.

ஆகையால் தவக்காலத்தின் இரண்டாம் வாரக் கூட்டத்தில் செபமாலை முடிந்ததும் நான்கு கேள்விகளை வாசிக்கிறோம். நம் வீட்டில் வேலை செய்பவருக்குக் கடைசியாக எப்போது சம்பளம் உயர்த்தினோம்? முதல் தேதியில் கொடுக்கிறோமா? நோயுற்ற நாளுக்குக் கூலி பிடிக்கிறோமா? அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்திருக்கிறோமா? கூட்டத்தில் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. கணவனும் மனைவியும் வீட்டில் பேசி முடிவெடுக்கட்டும். முதல் முறை வாசித்தபோது இரண்டு குடும்பங்கள் கோபித்துக்கொண்டு சில வாரம் வரவில்லை. அவர்கள் வீடு தேடியும் போனேன். கேள்விகளை மட்டும் நான் மாற்றவில்லை.

அரிசிக் கணக்கை உயிர்ப்பு ஞாயிறன்று வாசியுங்கள்: எத்தனை கிலோ, எத்தனை வீடு. பெயர்கள் வேண்டாம். சம்பள உயர்வை மட்டும் அந்த ஞாயிறு வரை தள்ளிப்போடாதீர்கள். வருகிற 1ஆம் தேதியே கொடுத்துவிடுங்கள்.