கிளைடரை விமானத்தால் இழுத்துச் செல்லுதல்: புதியவர்களுக்கான பாதுகாப்புப் படிகள்

இயந்திரமில்லாத கிளைடரை ஏறத்தாழ 60 மீட்டர் நீளமுள்ள கயிற்றால் ஓர் இழுவை விமானம் மேலே கொண்டுசெல்லும்போது, ஒருவர் செய்யும் பிழை மற்றவரின் உயிரையும் பறிக்கக்கூடும். ஆகவே கீழ்வரும் படிகளில் எதையும் அவசரத்தில் தாண்ட வேண்டாம்.

முதல் படி, கயிறு. அதை முழு நீளத்துக்கும் கையால் தடவிப் பாருங்கள். முடிச்சு விழுந்த கயிறு தன் வலிமையில் பாதியைக்கூட இழக்கலாம். அமெரிக்க விதிப்படி, கயிற்றின் அறுபடும் வலிமை கிளைடரின் அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச எடையில் 80 சதவீதத்துக்குக் குறையவும் கூடாது, இரு மடங்கைத் தாண்டவும் கூடாது. 500 கிலோ கிளைடர் என்றால் 400 முதல் 1,000 கிலோ வரை. மேல்வரம்பு எதற்கு என்று பலர் கேட்கிறார்கள்: இழுவிசை அளவு மீறினால் கிளைடரின் உடல் முறிவதற்கு முன்பே கயிறு அறுந்தாக வேண்டும். அதைவிட வலிய கயிறானால், கிளைடர் முனையில் அதே வரம்புக்குள் அறுபடும் பாதுகாப்பு இணைப்பைப் பொருத்த வேண்டும்.

இரண்டாம் படி, தரையிலேயே பேசி முடிவு செய்தல். வேகம், சைகைகள், அவசரநிலையில் யார் என்ன செய்வது ஆகியவற்றை இரு விமானிகளும் ஒப்புக்கொண்ட பிறகே புறப்பட வேண்டும். கயிற்றைக் கழற்றிவிடும் விடுவிப்புக் கொக்கி வேலை செய்கிறதா என்று சோதித்து, விதானமும் (விமானி அறையின் கண்ணாடி மூடி) வேகத்தடைகளும் (இறக்கைகளில் திறந்து வேகத்தையும் ஏற்றத்தையும் குறைக்கும் தகடுகள்) பூட்டியிருப்பதை உறுதிசெய்த பின்பே கயிற்றை மாட்டச் சொல்லுங்கள். எந்த உயரத்தில் கயிறு அறுந்தால் எங்கே இறங்குவீர்கள் என்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொள்வது நல்ல பழக்கம்.

மூன்றாம் படி, தரையிலிருந்து எழுதல். இதுவே எனக்கு மிகுந்த கவலை தருவது. கிளைடர் இழுவை விமானத்துக்கு முன்பே தரையை விட்டு எழும். அப்போது ஓரிரு மீட்டர் உயரத்திலேயே அதை அடக்கி வைத்திருங்கள். கிளைடர் மேலேறினால் கயிறு இழுவை விமானத்தின் வாலைத் தூக்கிவிடும், மூக்கு கீழ்நோக்கிச் சாயும். தரைக்கு அருகில் அவ்விமானி எவ்வளவு முயன்றாலும் அதை மீட்க உயரம் போதாது. இழுவை விமானம் உங்கள் கண்ணிலிருந்து மறைந்த கணமே, யோசிக்காமல், கயிற்றை விடுவித்துவிடுங்கள்.

பறக்கும்போது இரண்டு சைகைகளைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். இழுவை விமானம் இறக்கைகளை ஆட்டினால், உடனே கயிற்றை விடுவிக்க வேண்டும். சுக்கானை (வாலில் உள்ள, இடம் வலம் திருப்பும் பலகை) ஆட்டினால், உங்கள் வேகத்தடை திறந்திருக்கலாம், பாருங்கள் என்று பொருள். அதை விடுவிக்கும் கட்டளையாக எண்ணிக் குறைந்த உயரத்தில் கயிற்றை விட்டு, திறந்த தடைகளோடு தரையில் மோதியவர்கள் உண்டு.

விடுவிக்கும்போது கயிறு விலகிச் செல்வதைக் கண்ணால் பார்த்த பிறகே திரும்புங்கள். அமெரிக்க வழக்கில் கிளைடர் வலப்புறமும் இழுவை விமானம் இடப்புறமும் திரும்பும். கொக்கி விடுபடாவிட்டால், இடப்புறம் ஒதுங்கி இழுவை விமானியின் பார்வையில் படுமாறு நின்று இறக்கைகளை ஆட்டுங்கள். அவர் தம் முனையிலிருந்து கயிற்றை விடுவிப்பார்.