பூனையை ஏற்காடு ஏற்றுவது எப்படி: மொட்டைமாடியில் நடந்தே பூனைக் காப்பகத்துக்கு நிதி திரட்ட

பூனையை வாக்கிங் கூட்டிப்போக முடியாது. பாதி வழியில் படுத்துவிடும். அதனால் இந்த விளையாட்டில் நடப்பது மனிதர்கள், மலை ஏறுவது வரைபடத்தில் இருக்கும் பூனை. காப்பகத்துப் பூனை ஒன்று சேலம் பழைய பஸ் ஸ்டாண்டில் கிளம்பி, அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம் வழியாக 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, ஏற்காடு ஏரிக்குப் போய்ச் சேர வேண்டும். அவரவர் தெருவிலும் மொட்டைமாடியிலும் நடக்கிற அடிதான் அதற்கு பஸ் டிக்கெட்.

முதலில் தூரக் கணக்கு. ஏற்காட்டுக்குச் சுமார் 30 கி.மீ. ஊருக்குள் 10, மலையில் 20 என்று பிரித்து, கிலோமீட்டருக்கு ஒரு வளைவு வைத்துக்கொள்ளுங்கள். நிஜத்தில் வளைவுகள் சம இடைவெளியில் இல்லைதான். விளையாட்டுக்கு அது போதும். சராசரி ஆளுக்கு ஒரு கி.மீ. என்பது ஏறக்குறைய 1,300 காலடி. ஐந்து பேருக்கு ஒரு பூனை. அந்த ஐவரும் சேர்ந்து 6,500 அடி நடந்தால் பூனை ஒரு கி.மீ. நகரும். 15 நாளில் முடிக்க ஆளுக்கு தினமும் 2,600 அடி. முட்டி வலி உள்ள பாட்டியும் வீட்டுக்குள்ளேயே நடந்து எட்டிவிடலாம். இலக்கை 10,000 அடி என்று வைத்தால் மூன்றாம் நாளே பாதிப் பேர் கழன்றுகொள்வார்கள்.

நுழைவுக் கட்டணம் ஆளுக்கு 200 ரூபாய் போதும். நிஜமான வசூல் வளைவுகளில்தான் இருக்கிறது. ஒரு வளைவு 300 ரூபாய் என்று விலை வையுங்கள். ஒரு பூனைக்கு 20 வளைவு, 6,000 ரூபாய். பக்கத்துத் தட்டுவடை செட் கடை, கொலுசுப் பட்டறை, பெங்களூரில் இருக்கும் சித்தப்பா என்று யாரிடமும் கேட்கலாம். பூனை அந்த வளைவைத் தாண்டும் அன்று, வாங்கியவர் பெயரோடு அதன் படம் வாட்ஸ்அப் குழுவில் வர வேண்டும். பணத்தை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். "பூனை ஏறட்டும், அப்புறம் தரேன்" என்பவரைத் துரத்தவே இன்னொரு 15 நாள் ஆகும்.

பணம் நேராகக் காப்பகத்தின் வங்கிக் கணக்குக்குத்தான் போக வேண்டும். அமைப்பாளரின் சொந்த ஜிபே எண்ணைக் கொடுத்தால், எவ்வளவு யோக்கியமாக நடந்தாலும் பேச்சு வரும். காப்பகத்துக்கு, நன்கொடை கொடுப்பவருக்கு வருமான வரிச்சலுகை தரும் 80ஜி பதிவு உண்டா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்; இருந்தாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்த வரிச்சலுகை கிடைக்காது. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்ட உறவினரின் பணத்தை, வெளிநாட்டு நன்கொடை வாங்குவதற்கான எஃப்சிஆர்ஏ அனுமதி இல்லாத காப்பகம் வாங்கக் கூடாது.

"பூனைகளுக்காக" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். காப்பகத்திடம் செலவுப் பட்டியல் வாங்கி, முதல் வரியில் கருத்தடையைப் போடுங்கள். பெண் பூனை நாலு மாதத்திலேயே சினைப்படலாம். சினைக்காலம் ஒன்பது வாரம்தான். தடுப்பூசிக் கணக்கில்தான் பலர் சறுக்குவார்கள்: குட்டிக்கு ஒரு ஊசி போதாது. ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, 16 வார வயது வரை போட வேண்டும். 'பத்துக் குட்டி, பத்து ஊசி' என்று நிதி திரட்டினால் பாதியில் கை கடிக்கும். பொருளாகத் தர வருபவர்களிடம் பால் பாக்கெட் வேண்டாம் என்று சொல்லுங்கள். பசும்பால் பல பூனைகளுக்கு வயிற்றுப்போக்கைத் தரும். நாய்த் தீனியும் வேண்டாம். பூனைக்கு அவசியமான டாரின் என்ற சத்து அதில் போதாது. தொடர்ந்து கொடுத்தால் கண்ணும் இதயமும் கெடும்.

படம் எடுக்கக் கூட்டமாகக் காப்பகத்துக்குப் போகவே கூடாது. பேன்லூகோபீனியா வைரஸ் செருப்பிலும் துணியிலும் ஒட்டிக்கொண்டு வரும். தடுப்பூசி முடியாத குட்டிகளை அது கொன்றுவிடும். அங்கே வேலை செய்பவரே ஒவ்வொரு பூனைக்கும் 20 படம் முன்கூட்டியே எடுத்து அனுப்பட்டும். தூங்குவது, கொட்டாவி விடுவது, தட்டைக் கவிழ்ப்பது எல்லாம் எடுபடும். முகம் சரியாகத் தெரிய வேண்டும் என்றெல்லாம் இல்லை.

போனில் அடி எண்ணும் செயலி காட்டும் கணக்கை இரவு ஒன்பதுக்குள் ஸ்கிரீன்ஷாட்டாக வாங்கி, ஒரே ஆள் கூகுள் ஷீட்டில் ஏற்றட்டும். போனைச் சட்டைப் பையில் வைத்து ஸ்கூட்டரில் போனால் குண்டும் குழியும்கூட அடியாக ஏறலாம். வீட்டில் மேசைமேல் வைத்துவிட்டு நடந்தால் ஒன்றுமே ஏறாது. பேட்டரி சேமிப்பு முறை செயலியை நடுவில் நிறுத்திவிடும். அந்தச் செயலிக்கு மட்டும் அதை அணைத்துவைக்கச் சொல்லுங்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 8,000 அடிக்கு மேல் கணக்கில் எடுக்காதீர்கள். இல்லாவிட்டால் ஒரே ஒரு ஓட்டக்காரர் பூனையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார், மற்ற நால்வருக்கும் வேலை இருக்காது.

குழு தூங்கிவிழும் இடம் ஆறாவது வளைவுக்கும் பதினாலாவது வளைவுக்கும் நடுவில். புதுமை தீர்ந்திருக்கும், ஏரி இன்னும் தூரம். அந்த இடத்துக்கென்று சீட்டுகள் எழுதி வையுங்கள். 'குரங்கு மீனைப் பிடுங்கிவிட்டது, அணி 1,000 அடி கூடுதலாக நடந்தால்தான் பூனை சமாதானமாகும்.' 'மூடுபனி, பூனைக்கு வழி தெரியவில்லை. யாராவது மியாவ் என்று குரல் பதிவு போட வேண்டும்.' இரண்டாவது சீட்டுக்கு வரும் கூத்துக்காகவே குழுவை விட்டு யாரும் போகமாட்டார்கள். ஒரு நாளைக்கு ஒரு சீட்டு போதும்; அதிகமானால் சலித்துவிடும்.

உண்மையான மலைச்சாலையில் இறங்கி நடந்து படம் போடலாமா என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். கூடாது. வளைவில் திரும்பும் பஸ்ஸுக்கும் தடுப்புச் சுவருக்கும் நடுவில் ஒதுங்க இடம் இருக்காது. வீட்டுப் பூனையைக் காரில் ஏற்றிப் போவதும் வேண்டாம். சுற்றிச் சுற்றி ஏறும்போது வாந்தி எடுக்கலாம், கதவைத் திறந்தால் காட்டுக்குள் ஓடிவிடலாம்.

முடிந்த ஒரு வாரத்துக்குள் வரவு, மருத்துவமனை ரசீது, மீதித் தொகை மூன்றையும் குழுவில் போடுங்கள். மீதி எதற்குப் போகும் என்பதைத் தொடங்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். மணல் தட்டுக்கும் தீனிக்கும் என்றால் யாரும் மறுக்கமாட்டார்கள். ஸ்டேட்டஸிலும் போஸ்டரிலும் ஒட்டிய க்யூஆர் குறியீட்டை அன்றே எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால், முடிந்துபோன நடைக்குக் கட்டணம் கட்டிவிட்டு 'என் பூனை எங்கே' என்று கேட்டு யாராவது வந்து நிற்பார்கள்.