துபாயில் வில்லா வாங்குகிறவர்கள் இன்னமும் செய்யும் பழைய தவறுகள்

துபாயில் வருடக்கணக்கில் வாடகை கட்டி அலுத்துப்போய், "இதையே வங்கித் தவணையாகக் கட்டினால் ஒரு வீடாவது மிஞ்சும்" என்று வில்லா தேடக் கிளம்பும் நம்மவர்கள் இப்போது அதிகம். வாங்கும் முன் வீட்டைச் சோதித்துச் சொல்வது என் தொழில். அதனால் அவர்களில் பலரை நேரில் பார்க்கிறேன். ஒரு காலத்தில் நானும் என் நண்பர்களும் எங்கெல்லாம் சறுக்கினோமோ அதே இடங்களில் இவர்களும் சறுக்குகிறார்கள்.

வெளிநாட்டவர் சொந்தமாக வீடு வாங்கலாம் என்று துபாய் அறிவித்தது 2002-ல். அதற்கு உறுதியான சட்ட அடித்தளம் கொடுத்தது 2006-ம் ஆண்டின் 7-ம் எண் சட்டம். இவ்வளவு வயதான சந்தையில் புதிய தவறு என்று எதுவும் கிடையாது. லைசென்ஸ் உள்ள புரோக்கரிடம் போங்கள், டைட்டில் டீடை (உரிமைப் பத்திரத்தை) சரிபாருங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

வீட்டு விலையை மட்டும் வைத்துக் கணக்குப் போடுவது

வெளிநாட்டவருக்கு முதல் வீட்டுக்கு, அதன் விலை 50 லட்சம் திர்ஹம் வரை என்றால், வங்கி அதிகபட்சம் 80 சதவீதம் கடன் தரலாம். அதனால் 30 லட்சம் திர்ஹம் வீட்டுக்குக் கையில் 6 லட்சம் போதும் என்று கிளம்பிவிடுகிறார்கள். நிலத்துறைக்கு 4 சதவீதம், புரோக்கருக்கு வழக்கமாக 2 சதவீதமும் அதன் மேல் வாட் வரியும், பெயர் மாற்றிப் பதிவு செய்யும் டிரஸ்டி அலுவலகத்துக்கு 4,000 திர்ஹமும் வாட் வரியும், கடனைப் பதிவு செய்யக் கடன் தொகையில் 0.25 சதவீதம். கூட்டிப் பாருங்கள், கிட்டத்தட்ட 2 லட்சம் வருகிறது. முன்பு சில வங்கிகள் இதையும் கடனோடு சேர்த்துக் கொடுத்தன. 2025 பிப்ரவரியிலிருந்து அதுவும் இல்லை. கையில் 8 லட்சம் இல்லாமல் 30 லட்சம் வீட்டைப் பார்க்கப் போகாதீர்கள்.

முந்தைய ஓனர் கட்டிய கூடுதல் அறைக்குக் காசு கொடுப்பது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் மூட்டும் தவறு இதுதான்.

ஸ்பிரிங்ஸ், மெடோஸ், அரேபியன் ரான்சஸ் மாதிரியான பழைய வில்லா குடியிருப்புகளுக்கு வயது 20-ஐத் தாண்டிவிட்டது. அங்கே பல வீடுகள் பல கை மாறியவை. ஒருவர் கார் நிறுத்தும் இடத்தைச் சுவர் வைத்து அடைத்து அறையாக்கியிருப்பார். அடுத்தவர் அடுப்படியைப் பின்பக்கம் இழுத்துக் கட்டியிருப்பார். முறைப்படி செய்வதென்றால் முதலில் டெவலப்பரின் என்ஓசி (ஆட்சேபனை இல்லை என்ற கடிதம்) வேண்டும், பிறகு துபாய் மாநகராட்சியின் கட்டட அனுமதி. பாம் ஜுமேரா போன்ற இடங்களில் மாநகராட்சிக்குப் பதிலாக டிராக்கீஸ் என்ற அரசு அமைப்பின் அனுமதி. வேலை முடிந்ததும் நிறைவுச் சான்றிதழும் வாங்க வேண்டும். இதில் ஒன்றுமே இல்லாமல் கட்டியவர்களும் உண்டு. பெயின்ட் அடித்து முடித்த பிறகு எது அனுமதியோடு கட்டியது, எது இல்லாமல் கட்டியது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

ஜெபல் அலியில் வேலை பார்க்கும் நாகர்கோவில்காரர் ஒருவரும் அவர் மனைவியும் நான்கு படுக்கையறை வில்லா ஒன்றை 42 லட்சம் திர்ஹத்துக்குப் பேசினார்கள். ஃபார்ம் எஃப் என்ற விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, 10 சதவீத டெபாசிட் காசோலையும் கொடுத்த பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள். "சும்மா ஒரு தடவை பாத்துச் சொல்லுங்கண்ணே." கீழ்த்தளத்தில் ஓர் அறை. மாடி ஏற முடியாத மாமியாருக்கு என்று அந்த அம்மா ஆசையாக ஒதுக்கி வைத்திருந்தார். டெவலப்பரின் மூல வரைபடத்தில் அது கார் ஷெட். பின்சுவர் எல்லைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது. நடுவில் விட வேண்டிய இடமே இல்லை. அனுமதிக் காகிதம் கேட்டேன். புரோக்கர் சொன்னார்: "எல்லா வில்லாவிலும் இப்படித்தான் சார், யாரும் கேக்க மாட்டாங்க."

வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர் கேட்டார். அனுமதி இல்லாத பரப்பைக் கணக்கில் சேர்க்காமல் 38 லட்சம் என்று எழுதினார். பேசிய விலை, மதிப்பீடு இரண்டில் எது குறைவோ அதற்குத்தான் வங்கி 80 சதவீதம் தரும். 33.6 லட்சம் வரும் என்று நினைத்த கடன் 30.4 லட்சமாகச் சுருங்கியது. ஒரே காகிதத்தில் 3.2 லட்சம் திர்ஹம் கூடுதலாகப் புரட்ட வேண்டியதாயிற்று. மதிப்பீடு குறைந்தால் விலகிக்கொள்ளலாம் என்று ஃபார்ம் எஃப்-ல் எழுதிக்கொள்ளவும் இல்லை. விலகினால் 4.2 லட்சம் டெபாசிட் போய்விடும் என்ற பயத்தில் அங்கே இங்கே கடன் வாங்கிப் புரட்டினார்கள்.

அத்தோடு முடியவில்லை. விற்பனைக்கான என்ஓசி தருவதற்கு முன் டெவலப்பரின் ஆள் வீட்டைப் பார்த்துவிட்டு விதிமீறல் பட்டியல் கொடுத்தார். "நான் வாங்கும்போதே இப்படித்தான் இருந்தது" என்று கை விரித்தார் விற்கிறவர். கடைசியில் வாங்குகிறவர்கள் ஓர் உறுதிமொழிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் என்ஓசி தருவதாக முடிவானது. இனிமேல் இந்த மீறல்களுக்கெல்லாம் நானே பொறுப்பு, சொன்னால் இடித்துப் பழைய நிலைக்குக் கொண்டு வருவேன் என்பதுதான் அந்தக் கடிதத்தின் சாரம். வேண்டாம் என்று நான் சொன்னேன். போட்டார்கள். பின்னால் நோட்டீஸ் வந்தது, இடித்தார்கள். அந்த இடத்தில் இப்போது கார் நிற்கிறது. மாமியாருக்கு ஹாலின் ஒரு மூலையைத் தடுத்துக் கட்டில் போட்டிருக்கிறார்கள்.

முன்கூட்டியே பார்த்திருந்தால் ஒரு மதிய வேளையில் தெரிந்திருக்கும் விஷயம் இது, அதனால்தான் எரிச்சல். டெபாசிட் கொடுப்பதற்கு முன் அந்த வில்லா வகையின் மூல வரைபடத்தை வாங்குங்கள். டேப் எடுத்து ஒவ்வொரு அறையையும் அளந்து வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். கூடுதலாக ஒரு சுவர் இருந்தாலும் அனுமதியும் நிறைவுச் சான்றிதழும் எங்கே என்று விற்கிறவரிடம் கேளுங்கள். "தேடித் தருகிறேன்" என்றால் தந்த பிறகு பேசலாம். எல்லைக்கு உள்ளே விதிப்படி இடம் விட்டுக் கட்டியிருந்தால், கன்சல்டன்ட் மூலம் வரைபடம் போட்டுப் பின்னால் முறைப்படுத்த வழி உண்டு. விட வேண்டிய இடத்தில் கட்டியிருந்தால் அநேகமாக இடிப்புதான். அந்த அறைக்கு ஒரு திர்ஹம்கூட விலை கொடுக்காதீர்கள்.

ஃபார்ம் எஃப்-ல் இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள். விதிமீறல் எதுவானாலும் பெயர் மாற்றத்துக்கு முன் விற்கிறவரே தன் செலவில் சரிசெய்ய வேண்டும். வங்கி மதிப்பீடு குறைந்தால் டெபாசிட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு விலகிக்கொள்ளலாம். இதற்குச் சம்மதிக்காதவர் வீட்டில் வேறு ஏதோ இருக்கிறது.

வெயில் காலத்தில் மட்டும் வீட்டைப் பார்ப்பது

2024 ஏப்ரல் 16 அன்று பெய்த மழை எல்லோருக்கும் நினைவிருக்கும். துபாய் விமான நிலையத்தில் 24 மணி நேரத்தில் 142 மில்லிமீட்டர். ஒரு வருடம் முழுக்கவே அங்கே சராசரியாக 95 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் பெய்யும். அன்று தண்ணீர் புகுந்த வில்லாக்கள் இப்போது புது பெயின்ட்டோடு விற்பனையில் இருக்கின்றன. அடுக்குமாடியில் உங்கள் தலைக்கு மேல் இன்னொருவர் வீடு. வில்லாவில் கூரை முழுக்க உங்கள் பொறுப்பு. மாடிக்கு ஏறி வாட்டர்ப்ரூஃபிங்கைப் பாருங்கள். வீட்டுத் தரை தெருவைவிட உயரமா, தாழ்வா என்று பாருங்கள். கதவு நிலைகளின் அடிப்பாகத்தை விரலால் தட்டுங்கள்; உள்ளே வெற்றிடச் சத்தம் கேட்டால் ஈரமோ கரையானோ இருக்கிறது. தோட்டத்துக்கு நாள்தோறும் தண்ணீர் பாய்வதால் இங்கே கரையான் தொல்லை சகஜம். அப்புறம், பக்கத்து வீட்டுக்காரரிடம் அன்றைக்குத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று கேளுங்கள். அவருக்கு இந்த விற்பனையால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

நீச்சல் குளம்

நீந்துகிறவர் வீட்டில் இல்லையென்றால் குளம் இல்லாத வீட்டைப் பாருங்கள்.

கோல்டன் விசாவுக்காக விலையை ஏற்றிக்கொள்வது

20 லட்சம் திர்ஹம் சொத்து இருந்தால் 10 வருட விசா என்பது உண்மை. அதற்காக 17 லட்சத்தில் முடிய வேண்டிய குடும்பம் 20 லட்சத்துக்குத் தாவ வேண்டாம்.

கட்டி முடிக்கும் முன்பே வாங்கிய வில்லாவில் சாவி கிடைத்ததும் நிம்மதியாகிவிடுவது

2008 சரிவில் எத்தனையோ திட்டங்கள் பாதியில் நின்றதைப் பார்த்தவர்கள் நாங்கள். ஆகவே திட்டத்தின் எஸ்க்ரோ கணக்கை (அந்தக் கட்டுமானத்துக்கென்றே தனியாக வைக்கும் வங்கிக் கணக்கை) தவிர வேறு எந்தக் கணக்குக்கும் பணம் அனுப்பாதீர்கள். சாவி கையில் வந்த பிறகு இன்னொரு கடிகாரம் ஓட ஆரம்பிக்கிறது. துபாய் சட்டப்படி கட்டுமான அமைப்பில் வரும் குறைகளுக்கு டெவலப்பர் 10 வருடம் பொறுப்பு. ஏசி, வயரிங், குழாய் வேலைகளுக்கு ஒரே ஒரு வருடம். அந்த ஒரு வருடத்தில் ஒரு முழு வெயில் காலம் ஏசியை ஓட விட்டு, குறைகளை எழுத்தில் அனுப்புங்கள். போனில் சொன்னது எதுவும் கணக்கில் வராது.

உயில் எழுதாமல் விடுவது

எழுதிவிடுங்கள். முஸ்லிம் அல்லாதவர்களுக்கு டிஐஎஃப்சி (துபாய் சர்வதேச நிதி மையம்) உயில் பதிவு மையம் 2015 முதல் இருக்கிறது. முஸ்லிம்கள் ஷரியத் பங்கீடு தெரிந்த வக்கீலிடம் வாங்குவதற்கு முன்பே பேசுவது நல்லது, யார் பெயரில் வாங்குவது என்பதே அதைப் பொறுத்தது.

ஊர் திரும்புவதைப் பற்றி நினைக்காமல் வாங்குவது

என்றைக்காவது ஊருக்குத் திரும்புவோம் என்பவர்கள்தான் நம்மில் பெரும்பாலோர். திரும்பினால் வில்லாவை விற்றாக வேண்டுமா என்று பயப்படுகிறார்கள். வேண்டாம். வெளிநாட்டில் குடியிருந்தபோது வாங்கிய சொத்தைத் தொடர்ந்து வைத்திருக்க இந்தியாவின் ஃபெமா (அந்நியச் செலாவணி மேலாண்மை) சட்டத்தின் 6(4) பிரிவு அனுமதிக்கிறது. ஆனால் இந்திய வருமான வரிச் சட்டப்படி நீங்கள் முழு அளவில் இந்தியாவில் வசிப்பவராகிவிட்ட பிறகு வில்லாவின் வாடகைக்கு அங்கே வரி உண்டு. ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் வில்லாவைக் காட்டவும் வேண்டும். காட்டாமல் விட்டால் 2015-ம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் போட முடியும், நீங்கள் நேர்மையான சம்பளத்தில் வாங்கியிருந்தாலும்.

எனவே வில்லாவுக்குப் பணம் போன வங்கி ஸ்டேட்மென்ட், சம்பளச் சான்று, ஃபார்ம் எஃப், டைட்டில் டீட் எல்லாவற்றையும் கிளம்புவதற்கு முன்பே பிரதி எடுத்து வையுங்கள். துபாய்க் கணக்கை மூடிவிட்டு நாகர்கோவிலில் உட்கார்ந்துகொண்டு பழைய ஸ்டேட்மென்ட் கேட்டு வாங்குவது பெரும்பாடு.