தாவரச் சாறு சர்க்கரையைக் குறைக்குமா? அமைலேஸ் தடுப்புச் சோதனை

உணவிலுள்ள மாவுச்சத்தை ஆல்பா அமைலேஸ் என்னும் நொதி மால்டோஸ் போன்ற சிறு சர்க்கரைகளாக உடைக்கிறது. ஒரு தாவரச் சாறு அந்த நொதியைத் தடுத்தால், சாப்பிட்ட பின் இரத்தச் சர்க்கரை சட்டென்று ஏறுவது குறையக்கூடும். விலங்குகளைத் தொடாமலே பார்க்கக்கூடிய சோதனை இது. ஆய்வுக்குப் புதியவர்கள் இதிலிருந்தே தொடங்கலாம்.

படி 1: நிழலில் உலர்த்திய இலைப்பொடி 10 கிராமை 100 மி.லி. எத்தனாலில் (70%) இரண்டு நாள் ஊறவைத்து வடிகட்டுங்கள். அதிகச் சூடு காட்டாமல் எத்தனாலை முழுவதும் ஆவியாக்குங்கள். மிஞ்சும் பசையை எடைபோட்டு, அமில-கார அளவை (பி.எச்.) மாறாமல் காக்கும் தாங்கல் கரைசலில் கரையுங்கள்.

படி 2: 0.5 மி.லி. சாற்றுடன் அதே அளவு நொதிக் கரைசலைச் சேர்த்துப் பத்து நிமிடம் வையுங்கள். நொதியை பி.எச். 6.9 கொண்ட பாஸ்பேட் தாங்கல் கரைசலில் தயாரிக்க வேண்டும். அதில் சோடியம் குளோரைடு கட்டாயம் இருக்கட்டும்; குளோரைடு இல்லாமல் அமைலேஸ் சரியாக வேலை செய்யாது. பிறகு 0.5 மி.லி. மாவுச்சத்துக் கரைசலை (1%) ஊற்றி, மேலும் பத்து நிமிடம் காத்திருங்கள்.

படி 3: சர்க்கரையோடு சேர்ந்து நிறம் மாறும் டி.என்.எஸ். (டைநைட்ரோசாலிசிலிக் அமிலம்) கரைசலை 1 மி.லி. சேர்த்து, கொதிநீரில் ஐந்து நிமிடம் வைத்து ஆறவிடுங்கள். டி.என்.எஸ். கரைசல் கடுங்காரம்; பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் அணியுங்கள். 10 மி.லி. நீர் சேர்த்து ஒளிமானிக் கருவியில் 540 நானோமீட்டர் அலைநீளத்தில் நிறத்தை அளவிடுங்கள். மால்டோஸ் கூடக்கூடச் செம்மை கூடும்.

படி 4: முடிவின் நம்பகத்தன்மை, ஒப்பிடுவதற்காக நொதி சேர்க்காமல் வைக்கும் வெற்றுக் குழாய்களில்தான் இருக்கிறது. சாற்றுக்கென்று சொந்த நிறம் உண்டு. பெரும்பாலும் சொந்தச் சர்க்கரையும் உண்டு. இரண்டையும் கருவி மால்டோஸாகவே எண்ணிவிடும், நல்ல சாறுகூட வீண் எனத் தோன்றும். எனவே ஒவ்வொரு செறிவுக்கும் நொதி இல்லாத ஒரு குழாய் வைத்து, அதன் அளவைக் கழியுங்கள். எதிர்ப்பக்கமும் ஓர் ஆபத்து இருக்கிறது: டானின் என்னும் துவர்ப்புப் பொருள் மிகுந்த சாறு எந்தப் புரதத்தையும் பற்றிக்கொள்ளும், நொதியும் புரதம்தானே. டானினை நீக்கிய சாற்றையும் சோதித்த பிறகே தடுப்பு என்று சொல்லுங்கள்.

சாறு சேர்க்காத குழாய் ஒன்றும், இதே நொதியைத் தடுக்கும் நீரிழிவு மருந்தான அகார்போஸ் சேர்த்த குழாய் ஒன்றும் ஒப்பீட்டுக்காக உடன் இருக்க வேண்டும்.

படி 5: சாறில்லாக் குழாயின் நிற அளவு 0.80, சாறுள்ளது 0.50 என்றால், வித்தியாசம் 0.30. அதை 0.80ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் தடுப்பு 37.5%. குறைந்தது ஐந்து செறிவுகளில், ஒவ்வொன்றையும் மும்முறை செய்து, நொதியைப் பாதியளவு தடுக்கும் செறிவைக் கண்டுபிடித்து அகார்போஸுடன் ஒப்பிடுங்கள்.

எண் எவ்வளவு அழகாக வந்தாலும் இந்தச் சாற்றை யாருக்கும் குடிக்கக் கொடுக்காதீர்கள். நச்சுத்தன்மை இன்னும் சோதிக்கப்படவில்லை. அடுத்த கட்டமான விலங்கு ஆய்வுக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும்.