கூகுள் பெயரில் வரும் போலி மின்னஞ்சல்: புதியவர்கள் சறுக்கும் இடங்கள்

சென்ற வாரம், எங்கள் கணக்குப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண் மடிக்கணினியைத் திறந்தபடியே தூக்கிக்கொண்டு என் மேசைக்கு ஓடிவந்தார். ‘உங்கள் கணக்கில் யாரோ நுழைய முயன்றார்கள்’ என்று கூகுள் பெயரில் ஒரு மின்னஞ்சல். “உண்மையா என்று பார்க்கத்தான் சார் அந்தப் பொத்தானை அழுத்தினேன்” என்றார். பல ஆண்டுகளுக்கு முன் என் மேலாளரிடம் நான் சொன்னதும் இதே சொற்கள்தான். எழுத்துப்பிழை, பரிசுத்தொகை போன்றவற்றை எல்லோரும் அறிவார்கள்; அவற்றை விட்டுவிடுகிறேன்.

மின்னஞ்சலை அதற்குள்ளேயே சரிபார்ப்பது

எனக்கு இன்றும் ஆத்திரமூட்டும் தவறு இது. சந்தேகம் சரியாகத்தான் வருகிறது. அதைத் தீர்த்துக்கொள்ளத் திருடனிடமே போய் விசாரிக்கிறோம். பொத்தானுக்குப் பின்னால் வரும் பக்கம் அசலைப் போலவே இருக்கும். கடவுச்சொல்லை வாங்கிக்கொண்டு உண்மையான தளத்துக்கே நம்மை அனுப்பிவிடும். ஏமாந்ததுகூடத் தெரியாது. எனக்குத் தெரிய மூன்று நாளாயிற்று. என் முகவரியிலிருந்து போன பில்லில் வங்கிக் கணக்கு எண் மாறியிருந்தது. வாடிக்கையாளர் பணத்தைக் கட்டிவிட்டுத்தான் தொலைபேசியில் கேட்டார்.

2016 மார்ச்சில், அமெரிக்க அதிபர் தேர்தலில் போட்டியிட்ட ஹிலாரி கிளிண்டனின் பிரசாரத் தலைவர் ஜான் பொடெஸ்டாவுக்கும் இப்படி ஒன்று வந்தது. கணினி உதவியாளரிடம் கேட்டார்கள். ‘உண்மையான மின்னஞ்சல்தான்’ என்று அவர் எழுதிவிட்டார். எதிர்மாறாக எழுத நினைத்ததாகப் பிறகு சொன்னார். ஆனால் அதே பதிலில் கூகுளின் அசல் முகவரியையும் கொடுத்திருந்தார். அந்த வழியாகப் போயிருந்தால், அவர் எழுதிய தவறான சொல்லாலும் கேடு வந்திருக்காது. அழுத்தப்பட்டதோ மின்னஞ்சலில் இருந்த பொத்தான். அக்டோபரில் பொடெஸ்டாவின் கடிதங்கள், ரகசிய ஆவணங்களை வெளியிடும் விக்கிலீக்ஸ் தளத்தில் ஆயிரக்கணக்கில் வெளிவந்தன.

மின்னஞ்சலை மூடுங்கள். பிரவுசரில் கூகுள் கணக்கின் முகவரியை நீங்களே தட்டி, பாதுகாப்புப் பகுதியைத் திறங்கள். எச்சரிக்கை உண்மையென்றால் அங்கேயும் இருக்கும்.

முகவரியின் தொடக்கத்தை மட்டும் படிப்பது

‘அக்கவுண்ட்ஸ் டாட் கூகுள் டாட் காம்’ என்று கண்டதும் நிம்மதியாகிவிடுகிறார்கள். அந்தக் ‘காமு’க்குப் பிறகு சாய்கோடு வராமல் இன்னொரு புள்ளியும் பெயரும் தொடர்ந்தால், தளம் கூகுளுடையது அல்ல. மைக்ரோசாஃப்ட் பெயரில் ‘எம்’முக்குப் பதில் ‘ஆர்’, ‘என்’ இரண்டையும் ஒட்டிப் போடுவார்கள். கைப்பேசியின் சிறிய எழுத்தில் எனக்கே வித்தியாசம் தெரிவதில்லை.

பூட்டுப் படத்தை நம்புவது

பிரவுசரில் முகவரிக்குப் பக்கத்தில் தெரியும் அந்தப் பூட்டு மோசடித் தளத்துக்கும் கிடைக்கும்.

ஓடிபி இருக்கிறதே என்ற தைரியம்

போலிப் பக்கம் அதையும் கேட்கும். நீங்கள் தட்டிய நொடியிலேயே அசல் தளத்தில் இட்டு நுழைந்துவிடுவார்கள். கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் கைரேகையாலோ திரைப்பூட்டாலோ நுழைய உதவும் பாஸ்கீ வைத்துக்கொள்ளுங்கள். அது உண்மையான முகவரியைத் தவிர வேறெங்கும் வேலை செய்யாது.

வெட்கப்பட்டு மறைப்பது

அந்தப் பெண் உடனே வந்ததால், பத்து நிமிடத்தில் கடவுச்சொல்லை மாற்றி எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றினோம். பிறகு மின்னஞ்சல் அமைப்புகளைத் திறந்து, கடிதங்களை வேறெங்கோ திருப்பிவிடும் முகவரி ஏதும் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று வரிவரியாகப் பார்த்தேன். இல்லை. என் கணக்கில் அன்று அது இருந்தது.