'எலாபரேட்', 'எக்ஸ்ப்ளெய்ன்': செட்டிநாட்டு வழிகாட்டிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் பெரிய வீடுகளைச் சுற்றிக்காட்டுபவர்கள் ஆங்கிலத்தில் இடறுவது பெரும்பாலும் 'பற்றி' என்ற பொருளில் வரும் 'அபவுட்', 'ஆன்' என்ற சொற்களால்தான். தேவையில்லாத இடத்தில் வரும். வேண்டிய இடத்தில் காணாமல் போகும்.

'ஐ வில் எக்ஸ்ப்ளெய்ன் யூ அபவுட் தி வளவு' (வளவு என்பது வீட்டின் உள்முற்றப் பகுதி) என்பதில் தவறு இரண்டு. எக்ஸ்ப்ளெய்னுக்குப் பின் ஆளைச் சொன்னால் 'டு' வேண்டும், 'அபவுட்' வேண்டாம். 'ஐ வில் எக்ஸ்ப்ளெய்ன் தி வளவு டு யூ' என்பதே சரி. 'டெல் மீ', 'ஷோ மீ' என்று பழகிய வாய் 'எக்ஸ்ப்ளெய்ன் மீ' என்றும் சொல்லிவிடுகிறது. டிஸ்க்ரைப், டிஸ்கஸ் இரண்டுக்கும் 'அபவுட்' கிடையாது.

எலாபரேட் நேர் எதிர். ஏற்கெனவே சொன்னதற்கு மேல் விவரம் சேர்ப்பதென்றால், எதைப் பற்றி என்று சொல்லும்போது 'ஆன்' வேண்டும். 'தீஸ் டைல்ஸ் ஆர் நாட் ஃபயர்ட்' (இவை சூளையில் சுடாதவை) என்று ஆத்தங்குடித் தரைக்கல்லைக் காட்டுகிறீர்கள். 'குட் யூ எலாபரேட் ஆன் தட்?' என்கிறார் விருந்தாளி. அதே வாக்கியத்தைச் சத்தமாகத் திரும்பச் சொன்னால் போதாது. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து வண்ணக் கலவை ஊற்றுவது, அதன்மேல் சிமெண்ட், மணல் போடுவது, தண்ணீரில் ஊறவைப்பது, கண்ணாடியைத் தொட்ட முகம் வழவழப்பாக வருவது எல்லாம் அப்போது வரவேண்டும். எக்ஸ்பாண்டும் இதே கதைதான். 'எக்ஸ்பாண்ட் தி டைல்' என்றால் கல்லைப் பெரிதாக்கு என்றாகிவிடும்!

கிளாரிஃபை என்பது குழப்பத்தைத் தீர்ப்பது. விருந்தாளி குழம்பவில்லை, இன்னும் கேட்க ஆசைப்படுகிறார் என்றால் அது பொருந்தாது. 'எனி டவுட்ஸ்?' என்பதையும் விட்டுவிடுங்கள். நம்மூரில் டவுட் என்றால் கேள்வி; அவர்கள் காதுக்கு அது நம்பாமை. 'எனி கொஸ்டின்ஸ்?' போதும்.

'ஃப்ளெஷ் அவுட்' என்றால் சுருக்கமான குறிப்புக்கு விவரம் சேர்த்து நிரப்புவது. 'ஃப்ளஷ் அவுட்' என்றால் தண்ணீர் விட்டு அலசித் தள்ளுவது. 'தெளிவாக விளக்கு' என்ற பொருளுள்ள எலூசிடேட் எழுத்தில் இருக்கட்டும். முற்றத்தில் நின்று பேசும்போது விறைப்பாகக் கேட்கும்.

எலாபரேட்டின் உச்சரிப்பிலும் ஒரு வேறுபாடு உண்டு. வினையாக வரும்போது கடைசி அசை 'ரேட்' என்று நீளும். நிலைக்கதவின் நுணுக்கமான வேலைப்பாட்டைச் சொல்லும் பெயரடையில் அது 'ரட்' என்று குறுகும்: 'எலாபரட் கார்விங்'.