விட்டாபோன் புரொஜெக்டர்: படத்தையும் இசைத்தட்டையும் ஒன்றாகக் கிளப்புவது எப்படி?

அமெரிக்காவில் 1926இல் வார்னர் பிரதர்ஸ் கொண்டுவந்த விட்டாபோன் முறையில் பிலிமில் ஒலியே கிடையாது. பாட்டும் வசனமும் 16 அங்குல இசைத்தட்டில் தனியாக இருக்கும். 1927இல் ‘தி ஜாஸ் சிங்கர்’ ஓடியது இப்படித்தான். படம் ஓடும்போது ஏதோ ஒரு கருவி குரலையும் உதட்டசைவையும் சரிசெய்துகொண்டே இருந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி எதுவும் இல்லை. மோட்டாரைப் போடும் முன்பே அந்த வேலை முடிந்துவிடும்.

புரொஜெக்டரையும் தட்டையும் ஒரே மோட்டார்தான் பற்சக்கரங்கள் வழியாகச் சுழற்றுகிறது. ஒரே நுகத்தில் பூட்டிய மாடுகள் மாதிரி, மெதுவாகக் கிளம்பினாலும் இரண்டும் சேர்ந்துதான் கிளம்பும். நொடிக்கு 24 ஃபிரேம், நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற விகிதம் மாறாது. கிளம்பும் புள்ளியைச் சரியாக வைப்பது மட்டும்தான் நம் பொறுப்பு.

1. தட்டின் லேபிளில் உள்ள ரீல் எண்ணும் பிலிமின் எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். லேபிளில் சின்னச் சின்னக் கட்டங்கள் இருக்கும். ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் ஒன்றில் குறியிட வேண்டும். கட்டங்கள் நிரம்பிய தட்டு தேய்ந்த தட்டு.

2. புது எஃகு ஊசி மாட்டுங்கள். பழைய ஊசி வேண்டவே வேண்டாம்.

3. பிலிமைக் கோத்து, ‘ஸ்டார்ட்’ என்று எழுதிய ஃபிரேம், விளக்கொளி பிலிமை ஊடுருவும் ‘கேட்’ (gate) ஜன்னலில் முழுசாக நிற்கும்படி வையுங்கள்.

4. இந்தத் தட்டு உள்ளிருந்து வெளியே ஓடும். லேபிளுக்குப் பக்கத்தில் கீறப்பட்ட அம்புக்குறி தெரியும். அதன் முனையில், பள்ளத்துக்குள் ஊசியை இறக்குங்கள். இங்கே அவசரமே கூடாது. தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 1.8 நொடி, அதற்குள் 43 ஃபிரேம் ஓடிவிடும். பக்கத்துப் பள்ளத்தில் ஊசி விழுந்தால், பேசுபவர் வாயை மூடிய பிறகு குரல் கேட்கும், அல்லது வாய் திறக்கும் முன்பே கேட்டுவிடும்.

5. கையால் சற்றே சுழற்றி, ஊசி பள்ளத்தோடு போகிறதா என்று கவனியுங்கள்.

6. ஒலியைக் குறைத்து, விளக்கு மூடியை மூடிவைத்து மோட்டாரைப் போடுங்கள். படம் வரும்போது மூடியைத் திறந்து ஒலியைக் கூட்டுங்கள்.

பிலிம் அறுந்து ஒட்டுப்போட்டிருந்தால், எத்தனை ஃபிரேம் போனதோ அத்தனை கறுப்பு ஃபிரேம் இடையில் சேர்த்திருக்க வேண்டும். 12 ஃபிரேமை வெட்டி எறிந்துவிட்டு ஒட்டினால், அங்கிருந்து ரீல் முடியும்வரை குரல் அரை நொடி பிந்தியே வரும். தொடக்கத்தை எவ்வளவு துல்லியமாக வைத்தாலும் இது தீராது. ஆகவே ஒட்டுகளை முன்கூட்டியே எண்ணிப் பாருங்கள்.

அந்தக் கால நைட்ரேட் பிலிம் சட்டென்று தீப்பிடிக்கும். பயிற்சிக்கு, எளிதில் தீப்பிடிக்காத சேஃப்டி பிலிம் பிரதியே போதும். நடுவில் ஊசி தாவினால் முதலில் விளக்கு மூடியை மூடி, பிறகு மோட்டாரை நிறுத்துங்கள். பிலிமைத் தொடக்கத்துக்குச் சுற்றி, 2ஆம் படியிலிருந்து மறுபடி செய்யுங்கள்.